வந்து சேர்ந்த சொல்லை எப்போது நம்பலாம்?

1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் நிறுவனம் இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. அந்த முதல் பட்டியலில் மெட்ராஸும் இருந்தது. தொலைபேசிக் கம்பியை மோடத்தில் செருகி, கிரீச்சிடும் ஒலிகளைக் கேட்டபடி காத்திருந்தவர்களுக்கு ஒரு விஷயம் சீக்கிரமே புரிந்தது. இணைப்பு கிடைப்பது வேறு. அனுப்பியது அனுப்பியபடியே வந்து சேர்வது வேறு. பக்கத்து அறையில் யாராவது இன்னொரு ரிசீவரைத் தூக்கினாலே போதும், வந்துகொண்டிருக்கும் கோப்பு கெட்டுவிடும். எழுத்து மட்டுமே தெரியும் ஷெல் கணக்கில், மாணவர் ஒருவர் பொறுமையாக இறக்கிவைத்த ஜிப் கோப்பு, கடைசியில் ‘சிஆர்சி பிழை’ என்று சொல்லித் திறக்க மறுக்கும். முழுதாக வந்ததுபோலத்தான் இருக்கும். ஆனால் நடுவில் எங்கோ ஒரு பிட் புரண்டிருக்கும்.

இரைச்சலைக் கடந்து, கண்ணுக்குத் தெரியாத ஒருவரிடமிருந்து வந்த சொல்லை எந்த உரிமையில் உண்மை என்று ஏற்பது? மோடத்தை அமைத்தவர்கள் அன்றாடம் சந்தித்த இந்தக் கேள்வி, இந்தியத் தத்துவத்தின் மிகப் பழைய வழக்குகளில் ஒன்று.

காட்சி, கருதல், உரை என்று அறிவுக்கு மூன்று வாயில்களைச் சைவ சித்தாந்தம் சொல்கிறது. அருணந்தி சிவாசாரியார் தம் ‘சிவஞான சித்தியார்’ சுபக்கத்தில் இந்த அளவைகளைத்தான் முதலில் ஆராய்கிறார். அவருக்கு முன்பே, ‘மணிமேகலை’ காப்பியத்தின் நாயகி வஞ்சி நகரில் சமயவாதிகளிடம் அவரவர் கொள்கையைக் கேட்கும்போது, முதலில் பேசுபவன் அளவைவாதி. அளவைகளை வியாதன் பத்து என்றும், கிருதகோடி எட்டு என்றும், சைமினி ஆறு என்றும் கொண்டதாக அவன் கணக்குச் சொல்கிறான். பின்னர் அறவண அடிகள் அவளுக்குப் பௌத்தம் உரைக்கும்போது எண்ணிக்கை இரண்டாகச் சுருங்குகிறது. காட்சியும் கருத்தும் மட்டுமே மிஞ்ச, உரை தனி அளவையாக நிற்க முடியாமல் கருத்துக்குள் அடங்கிவிடுகிறது. பிறர் சொல்லைக் கேட்டு அறிவது தன் காலில் நிற்கும் அறிவா, இரவல் அறிவா என்பதே வழக்கு.

இதில் வேத வாக்கியங்களை ஆராய்ந்த மீமாம்சகரும், தர்க்க மரபினரான நையாயிகரும் எதிரெதிர்த் திசையில் நின்றார்கள். ஏழாம் நூற்றாண்டின் குமாரிலபட்டர் வாதம் இது: ஓர் அறிவு தோன்றும்போதே மெய்யென்ற தகுதியோடுதான் தோன்றுகிறது. அதைப் பொய்யாக்கும் வேறோர் அறிவு வந்தாலோ, அது பிறந்த இடத்தில் குறை தெரிந்தாலோ மட்டுமே அதைக் கைவிட வேண்டும். இதற்குச் சுவதப் பிராமாண்யம் என்று பெயர். நையாயிகர் ஒப்பவில்லை. அறிவு மெய்யா என்பதை அந்த அறிவே சொல்லாது; வெளியே இருந்துதான் தெரியவேண்டும். தூரத்தில் தண்ணீர் தெரிகிறது என்றால், போய்க் குடித்துத் தாகம் தீரும்போதுதான் முன்பு கண்டது தண்ணீர் என்பது உறுதியாகும். இது பரதப் பிராமாண்யம்.

மோடத்தின் ஆணைப் புத்தகத்தைப் பிரித்தால் இந்த இரண்டு நிலைகளையும் அமைப்புகளாகவே காணலாம். ஹேய்ஸ் நிறுவனம் 1981-இல் கொண்டுவந்த ஸ்மார்ட்மோடம், ‘ஏடி’ என்று தொடங்கும் ஆணைகளை உலக வழக்காக்கியது. பின்னாளில் ராக்வெல் சில்லு கொண்ட மோடங்களில் ‘\என்’ என்ற ஆணையோடு ஓர் எண்ணைச் சேர்த்துப் பிழை திருத்தத்தின் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். 0 என்றால் சோதனையே கிடையாது. வருவது எதுவானாலும் அப்படியே கணினிக்குப் போகும். 2 என்றால் எதிர்முனை மோடமும் பிழை திருத்தத்துக்கு உடன்பட வேண்டும். உடன்படாவிட்டால் இணைப்பே துண்டிக்கப்படும். 3 என்றால் முதலில் பிழை திருத்தத்துக்கு முயற்சி. அது கைகூடாவிட்டால் சாதாரண இணைப்பு. அனுபவசாலிகள் பெரும்பாலும் மூன்றாவதைத்தான் வைத்தார்கள்.

முதல் அமைப்பை மீமாம்சை என்று எண்ணிவிடக் கூடாது. குமாரிலர் கண்ணை மூடிக்கொண்டு நம்பச் சொல்லவில்லை. பொய்ப்பிக்கும் சான்று வரும்வரை நம்பச் சொன்னார். சான்று வந்து சேர வழியே இல்லாத நம்பிக்கையை அவர் பக்கம் சேர்ப்பது நியாயமாகாது. மீமாம்சையின் உண்மையான சாயலைப் பார்க்க, பிழை திருத்தம் எப்படி நடக்கிறது என்பதை நெருங்கிப் பார்க்க வேண்டும்.

இரண்டு மோடங்களும் வேலைக்கு முன் கம்பியைத்தான் ஆராய்கின்றன. பதிலளிக்கும் மோடம் 2100 ஹெர்ட்ஸ் ஒலியை எழுப்பும். வழியில் உள்ள எதிரொலித் தடுப்பான்களை அடக்குவதற்காக, அந்த ஒலியின் கட்டம் 450 மில்லிவினாடிக்கு ஒருமுறை தலைகீழாகும். வி.34 தரத்தில், 150 முதல் 3750 ஹெர்ட்ஸ் வரை பல சுருதிகளை ஒரே நேரத்தில் அனுப்பி, இந்தக் கம்பி எதைத் தாங்கும், எதை விழுங்கும் என்று அளந்துகொள்ளும். அந்த அளவுக்கேற்ற வேகம் பேசி முடிவாகும். வழியில் இரைச்சல் கூடினால் இரண்டும் சேர்ந்து வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; கம்பி தெளிந்தால் மீண்டும் ஏறும். தொடக்க ஆய்வு முடியும் கட்டத்தில் ஒரு செய்திகூட இன்னும் போகவில்லை. ஆனால் செய்தி வரப்போகும் வழியின் குறைகள் முன்கூட்டியே தெரிந்துவிட்டன. ‘அறிவு பிறந்த இடத்தில் குறை உண்டா என்று பார்’ என்ற குமாரிலரின் நிபந்தனை இங்கே செயலில் இருக்கிறது.

அடுத்தது, 1988-இல் வகுக்கப்பட்ட வி.42 என்ற பிழை திருத்தத் தரம். செய்தி துண்டுகளாக வெட்டப்படும். வழக்கமான அளவு 128 பைட். ஒவ்வொரு துண்டின் முடிவிலும் 16 பிட் சோதனை எண் ஒன்று சேரும். பெறும் மோடம் அதே கணக்கைத் தானும் போட்டுப் பார்க்கும். ஒத்துவந்தால் ஏற்கும், ஒத்துவராவிட்டால் அந்த இடத்திலிருந்து மறுபடி கேட்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ‘சரி’ வரும்வரை அனுப்பும் மோடம் கைகட்டிக் காத்திருப்பதுமில்லை. பதினைந்து துண்டுகள் வரை ஒப்புதல் வராமலே முன்னே போகலாம். நம்பிக்கை முன்னால் ஓடுகிறது. சந்தேகம் குறை தெரிந்த இடத்தில் மட்டும் தலையிடுகிறது.

இப்படி ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. சிகாகோவில் வார்டு கிறிஸ்டென்சன் 1977-இல் எழுதிய எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறை, 128 பைட் அனுப்பும், ‘கிடைத்தது’ என்ற பதில் வரும்வரை நிற்கும், பிறகு அடுத்த 128. உள்ளூர் அழைப்பில் இது பெரிய இடைஞ்சல் இல்லை. செயற்கைக்கோள் வழி அழைப்பில் ஒரு துண்டு போய்ப் பதில் வர ஏறக்குறைய அரை வினாடி ஆகும். 14,400 பிட் வேகத்தில் ஒரு துண்டை அனுப்பப் பிடிப்பது பத்தில் ஒரு பங்கு வினாடிகூட இல்லை. ஆகவே கம்பி ஆறில் ஐந்து பங்கு நேரம் சும்மா கிடக்கும். சக் ஃபோர்ஸ்பர்க் 1986-இல் உருவாக்கிய இசட்மோடம் இந்த நிற்பை நீக்கியது. கோப்பு தொடர்ந்து பாயும். பிழை கண்டால் மட்டும் பெறுபவர் குரல் கொடுப்பார். விட்ட இடத்திலிருந்து மீண்டும் தொடரும். இணைப்பே அறுந்துபோனாலும் மறுநாள் அதே பைட்டிலிருந்து இறக்கிக்கொள்ளலாம். ஒவ்வோர் அறிவையும் சரிபார்த்த பின்பே அடுத்த அடி எடுத்துவைப்பது என்றால் உலக நடப்பே நின்றுவிடும் என்பதுதான் நையாயிகர்மீது மீமாம்சகர் வைத்த குற்றச்சாட்டு. எக்ஸ்மோடம் அந்தக் குற்றச்சாட்டுக்குச் சாட்சி சொல்கிறது.

ஆனால் சோதனை என்பதே வேகத்துக்குப் பகை என்று முடிவு கட்டினால் அதுவும் தவறு. சோதனை இல்லாத இணைப்பில், 8 பிட் கொண்ட ஒவ்வோர் எழுத்துக்கும் முன்னும் பின்னும் ஒரு பிட் காவலாகச் சேரும். அதாவது எழுத்துக்கு 10 பிட். 14,400 பிட் கம்பியில் வினாடிக்கு 1,440 எழுத்துகளுக்கு மேல் போகாது. வி.42 வந்துவிட்டால் அந்தக் காவல் பிட்கள் தேவையில்லை, எழுத்துகள் துண்டுக்குள் நெருங்கி அமர்ந்துவிடும். சோதனை எண்ணுக்கும் தலைப்புக்கும் ஆகும் செலவைக் கழித்தாலும், தெளிவான கம்பியில் வினாடிக்கு 1,700-ஐ ஒட்டி எழுத்துகள் போகும். அதன் மேல் வி.42பிஸ் சுருக்க முறையையும் சேர்த்தால் வெற்று எழுத்துக் கோப்புகள் இன்னும் சில மடங்கு விரையும். சுருக்கிய செய்தியில் ஒரு பிட் கெட்டால் பின்னால் வருவதெல்லாம் குழம்பும் என்பதால், பிழை திருத்தம் இல்லாமல் சுருக்கத்தை இயக்கவே முடியாது. சந்தேகத்துக்கு இடம் கொடுத்த இணைப்புத்தான் வேகமாக ஓடுகிறது. கேள்வி கேட்டால் பக்தி குறைந்துவிடும் என்று அஞ்சுபவர்களுக்கு யோசிக்க இதில் விஷயம் உண்டு.

இனி மீமாம்சகரின் கூர்மையான ஆயுதம். அறிவைச் சோதிக்க இன்னோர் அறிவு வேண்டும் என்றால், அந்த இரண்டாவது அறிவைச் சோதிப்பது எது? அதற்கு மூன்றாவது; அதற்கு நான்காவது. முடிவில்லாமல் நீளும் இந்தக் குற்றத்தை அநவஸ்தை என்பார்கள். தகவல் தொடர்பிலும் இது அப்படியே இருக்கிறது. எதிரெதிர்க் குன்றுகளில் நிற்கும் இரண்டு தளபதிகள் ஒரே வேளையில் தாக்க வேண்டும். தூதுவனோ வழியில் பிடிபடக்கூடும். ‘விடியலில் தாக்குவோம்’ என்று ஒருவர் சொல்லியனுப்பினால், அது சேர்ந்ததா என்பது பதில் வந்தால்தான் தெரியும். அந்தப் பதில் சேர்ந்ததா என்பது அதற்கும் பதில் வந்தால்தான் தெரியும். எத்தனை தூதுவர்களை அனுப்பினாலும் இருவருக்கும் ஒருசேர முழு உறுதி கிட்டாது என்பது கணிதமாகவே நிறுவப்பட்டது. 1978-இல் ஜிம் கிரே இதற்கு இரு தளபதிகள் என்று பெயர் சூட்டினார்.

மோடம் இந்தச் சிக்கலைத் தீர்க்கவில்லை. தீர்க்காமலே வாழ ஒரு வழி வைத்திருக்கிறது. 16 பிட் சோதனை எண், கண்டபடி சிதைந்த துண்டு ஒன்றைச் சரியென்று ஏற்றுவிடும் வாய்ப்பு 65,536-இல் ஒன்று. அந்த அபாயம் அதிகம் என்று கருதினால் 32 பிட்டுக்குப் போகலாம். மறுபடி மறுபடி கேட்டும் பதில் வராவிட்டால் ஒரு வரம்புக்கு மேல் இணைப்பு துண்டிக்கப்படும். நையாயிகர் சொன்ன பதிலும் இதற்குத் தொலைவில் இல்லை. எல்லா அறிவையும் சோதிக்க வேண்டியதில்லை. ஐயம் எழுந்ததை மட்டும் சோதித்தால் போதும். நெடுநாள் பழகிய விஷயங்களில் ஐயமே எழுவதில்லை என்றார்கள். அநவஸ்தை ஏட்டில் முடிவில்லாதது. நடைமுறையில் ஓர் இடத்தில் கோடு கிழித்துத்தான் ஆக வேண்டும்; அதை எங்கே கிழிப்பது என்பதில்தான் விவேகம் இருக்கிறது.

எங்கே கிழிப்பது? அன்றைய கணினிகளின் பின்புறத்தில் அதற்கு நல்ல பாடம் ஒன்று இருந்தது. வி.42 காப்பது மோடத்திலிருந்து மோடம் வரை மட்டும். மோடத்துக்கும் கணினிக்கும் இடையே ஒரு முழ நீளத் தொடர்கம்பி உண்டு. அங்கே அதற்கு அதிகாரம் இல்லை. சுருக்கத்தின் பலன் கிடைக்க, அந்தக் கம்பியின் வேகத்தை 57,600 என்றோ 115,200 என்றோ உயர்த்தி வைப்பார்கள். 57,600-இல் ஓர் எழுத்து வர 174 மைக்ரோவினாடிதான். பழைய 8250, 16450 சில்லுகளில் வந்த எழுத்தைத் தாங்கிவைக்க ஒரே ஓர் இடம். கணினி வட்டில் எழுதுவதில் மும்முரமாக இருந்து ஒரு கணம் கவனிக்கத் தவறினால், அடுத்த எழுத்து முந்தையதன் மேல் விழுந்து அதை அழித்துவிடும். மோடத்தைக் கேட்டால் பிழையே இல்லை என்று சத்தியம் செய்யும். 16 பைட் வரிசையைத் தாங்கும் 16550ஏ சில்லை மாற்றிப் பொருத்தியதும், ‘நிறுத்து’, ‘அனுப்பு’ என்பதைத் தனிக் கம்பிகளிலேயே தெரிவிக்கும் ‘ஏடி&கே3’ ஆணையைத் தட்டியதும்தான் பலருக்கு நிம்மதி வந்தது. அதற்கு மாற்றான எக்ஸ்ஆன்–எக்ஸ்ஆஃப் முறையில் 17, 19 ஆகிய எண்கள் கொண்ட எழுத்துகளே ஆணைகள். நிரல் கோப்புக்குள் அதே எண்கள் இயல்பாகவே வரும். 19-ஐக் கண்டதும் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று எண்ணி மோடம் உறைந்துபோகும்.

இதே நோயைப் பெரிய அளவில் கண்டவர்கள் எம்ஐடியில் இருந்தார்கள். ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் மூவரும் 1984-இல் அச்சில் வந்த தங்கள் கட்டுரையில் அந்தச் சம்பவத்தைப் பதிந்திருக்கிறார்கள். அங்குள்ள வலையமைப்பில் ஒவ்வொரு கண்ணியிலும் சோதனை எண் இருந்தது. ஆனால் இடையில் இருந்த ஒரு கணினி, தன் உள்ளே ஒரு நினைவிடத்திலிருந்து இன்னொன்றுக்குப் பிரதி செய்யும்போது, ஏறக்குறைய பத்து லட்சம் பைட்டுக்கு ஒருமுறை இரண்டு பைட்களை இடம் மாற்றிவிட்டது. அந்த வழியாகத் திரும்பத் திரும்பப் போய்வந்த இயக்கமுறைமை நிரல்கள் சில கெட்டுப்போயின. கடைசியில் பழைய அச்சுப் பிரதிகளை எடுத்துவைத்து, வரிக்கு வரி ஒப்பிட்டுக் கையால் திருத்த வேண்டியதாயிற்று. இடையிலுள்ள சோதனைகள் வேகத்துக்கு உதவும். உறுதியைத் தருவது கடைசியில், செய்தியைப் பயன்படுத்தும் முனையில் நடக்கும் சோதனை மட்டுமே என்பது அவர்கள் முடிவு. தண்ணீரைக் குடித்துப் பார்த்தவன்தான் சாட்சி என்ற நையாயிகர் வாதத்துக்கு இதைவிட நெருங்கிய துணையைத் தேட முடியாது.

வேதத்தைச் செவிவழியே காத்தவர்களும் இதே அபாயத்தை அறிந்திருந்தார்கள். பதம் பிரித்து ஓதுவது, கிரமம், ஜடை என வளர்ந்து கனத்தில் உச்சம் அடையும் முறையில் சொற்கள் 1-2, 2-1, 1-2-3, 3-2-1, 1-2-3 என்று முன்னும் பின்னும் புரளும். பிறகு இரண்டாம் சொல்லிலிருந்து அதே ஓட்டம் தொடங்கும். தமிழ்நாட்டுப் பாடசாலைகளில் இன்றும் கனபாடிகள் உருவாகிறார்கள். சொல் விடுபட்டாலும் இடம் மாறினாலும் ஓட்டம் உடனே தடுக்கும். எக்ஸ்மோடத்தின் முதல் வடிவம் பைட்களை வெறுமனே கூட்டிச் சரிபார்த்தது. இரண்டு பைட் இடம் மாறினால் கூட்டுத்தொகை மாறாது என்பதால் அந்தப் பிழை கண்ணில் படாது. வரிசையையும் காக்கும் சிஆர்சி சோதனை எண் பின்னர்தான் அதில் சேர்ந்தது. கனத்தை அமைத்தவர்கள் வரிசையைத்தான் முதன்மையாகக் காத்தார்கள்.

ஆனால் இந்தப் பாதுகாப்பு எவ்வளவு பெரியதோ, அதன் எல்லையும் அவ்வளவு தெளிவு. பொருள் அறியாமல் வேதத்தை ஓதுபவன் சுமை தாங்கும் கட்டைக்கு ஒப்பானவன் என்று யாஸ்கரின் நிருக்தம் கடிந்துகொள்கிறது. சொல் மாறாமல் வந்தது என்பதிலிருந்து சொன்னது உண்மை என்பது கிடைக்காது. மீமாம்சகர் இந்த இடைவெளியை நன்றாகவே கண்டார்கள். வேதத்துக்குச் சொன்னவர் என்று ஒருவர் இல்லை, ஆகவே சொன்னவரின் குறையும் இல்லை என்று அதைக் கடக்க முயன்றார்கள். நையாயிகர் வேறு வழி எடுத்தார்கள். ஆப்தர் சொன்னதே உரை அளவை. ஆப்தர் என்றால் பொருளை நேரே அறிந்து, அறிந்தபடியே சொல்ல விரும்புபவர். நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர் இதில் துணிந்து ஓரடி முன்னே போனார். ரிஷியோ ஆரியரோ மிலேச்சரோ, யாரும் ஆப்தராக இருக்கலாம் என்றார். தகுதி பிறப்பில் இல்லை. அறிவிலும் நேர்மையிலும் இருக்கிறது.

இன்று கைபேசிக்கு வரும் ஒவ்வொரு பகிர்வும் பிட் பிசகாமல் வருகிறது. மோடம் காலத்தவர் பாடுபட்ட பகுதி முடிந்துவிட்டது. சொன்னவர் யார், அறிந்து சொன்னாரா என்ற பகுதி அப்படியே நிற்கிறது. மென்பொருள் உலகம் அதற்கும் ஓர் ஏற்பாடு செய்து பார்த்தது. கோப்போடு உருவாக்கியவரின் மின்கையொப்பம் வரும். கையொப்பம் பொருந்தினால் அது இன்னாரிடமிருந்துதான் வந்தது என்பது உறுதி. ஆப்தரை அடையாளம் காணும் முயற்சி என்றே இதைச் சொல்லலாம்.

2024 மார்ச்சில் அதுவும் போதவில்லை என்று தெரிந்தது. லினக்ஸ் கணினிகளில் பரவலாக இருக்கும் எக்ஸ்இசட் என்ற சுருக்கும் மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகள் ஒரு பிழையும் இல்லாமல் வந்து சேர்ந்தன. பல காலம் உழைத்துப் பிறர் நம்பிக்கையைப் பெற்ற ஒரு பராமரிப்பாளர் பெயரில்தான் அவை வெளிவந்தன. உள்ளே கணினிக்குள் புகுவதற்கான கள்ளக் கதவு ஒன்று ஒளித்துவைக்கப்பட்டிருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர். தொலைவிலிருந்து தம் கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி அதிகம் ஆவதைக் கவனித்து, அந்தச் சிறு தாமதத்தை விடாமல் துரத்திப் போனார். மோடம் காலத்தில் வினாடிக்கு எத்தனை எழுத்து வருகிறது என்ற எண்ணையே பார்த்துக்கொண்டிருந்து, அது சரிந்ததும் கம்பியில் கோளாறு என்று உணர்ந்தவர்களின் கண் அவருக்கு இருந்தது. பொய்ப்பிக்கும் சான்று வந்ததும் கைவிட்டார் என்று குமாரிலர் அவரைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்வார். பயன்படுத்திப் பார்த்த இடத்தில்தானே உண்மை வெளிப்பட்டது என்று நையாயிகர் மறுப்பு எழுப்புவார். வழக்கு இன்னும் முடியவில்லை. ஆனால் அந்த இரண்டு பதிப்புகளையும் லினக்ஸ் விநியோகஸ்தர்கள் சில நாட்களுக்குள் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.